அண்ணாச்சி உட்கார்ந்தாரா?

போன மாதம் பழைய வேலையிடத்துப் பிள்ளைகள் போனில் கூப்பிட்டார்கள். புது எந்திரம் வந்திருக்கிறது, துணியில் அச்சடித்த மையை ஊதா ஒளியால் இறுக்குவது, நேரமிருந்தால் வந்து பாருங்கள் என்றார்கள். ஓய்வு பெற்றவனிடம் நேரமிருக்கிறதா என்று கேட்பது ஒரு மரியாதை. நான் சாப்பிட்ட தட்டைக் கழுவாமலே கிளம்பிவிட்டேன். அதற்கு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

அருமையான எந்திரம். பொத்தானைத் தட்டினால் அந்த நொடியே எரிகிறது, மறுபடி தட்டினால் அணைகிறது. சூடில்லை, வாடையில்லை. நான் குனிந்து பார்த்தேன், நிமிர்ந்து பார்த்தேன், பெல்ட்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தேன். என்ன மை, எவ்வளவு கனம் பூசுகிறீர்கள், கறுப்பு இறுகுகிறதா, வெள்ளை இறுகுகிறதா என்று துளைத்தெடுத்ததில், அங்கே புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் பிள்ளை பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ கேட்டாள்:

"உங்க காலத்துல மை நல்லா இறுகிட்டான்னு எதை வச்சு சார் பாப்பிய?"

"அது மேல ஒருத்தர் உக்காருவாரு" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அந்தக் கணக்கைத் தீர்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் துணிப் பதனிடலில் டிப்ளமா படித்தவன். படித்ததில் பெரும்பகுதி மறந்துவிட்டது. ஒரு வகுப்பு மட்டும் மறக்கவில்லை. மை இரண்டு விதமாகக் கெட்டியாகும், ஒன்று உள்ளே இருக்கும் நீரோ எண்ணெயோ பறந்துபோய்க் காய்வது, இன்னொன்று எதுவுமே பறக்காமல் புற ஊதா ஒளி பட்ட மாத்திரத்தில் மொத்தமாக இறுகுவது என்று ஆசிரியர் சொன்னார். பிறகு சிவகாசியில் ஒரு அச்சகத்தில் சில மாதம் எடுபிடி வேலை. அங்கே சாமி படக் காலண்டர்களுக்கு மேலே ஒரு பளபளப்பைப் பூசி, விளக்குக்கு அடியில் ஓட விடுவார்கள். இந்தப் பக்கம் ஈரமாகப் போன முருகன் அந்தப் பக்கம் கண்ணாடி மாதிரி வெளியே வருவார். தாளில் ஆவது துணியில் ஏன் ஆகக்கூடாது? இந்தக் கேள்வியோடுதான் நான் தச்சநல்லூரில் வேலைக்குச் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது.

துணிப்பை அச்சடிக்கும் கூடம். ஜவுளிக் கடைகளுக்கு மஞ்சள் பை, கல்யாணங்களுக்குத் தாம்பூலப் பை. மண்ணெண்ணெயும் பசையும் சேர்த்து அடித்த கூழில் சாயத்தைக் கலந்து, சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி வழியாக ரப்பர் பட்டையால் இழுத்து அச்சடிப்பார்கள். அடித்ததைக் கயிற்றில் தொங்கவிட்டுக் காயவைப்பார்கள். சித்திரை வைகாசியில் இந்தக் கயிற்றுக்கு வேலையே இல்லை, மேசையிலேயே காய்ந்துவிடும். ஐப்பசி வந்தால் பைகள் வௌவால் மாதிரி நாள்கணக்கில் தொங்கும். அடியில் கரி அடுப்பு மூட்டுவார்கள். நான் சேர்ந்த புதிதில் ஒரு ஜவுளிக் கடையின் பெயரில் பாதி எரிந்துபோய், மீதிப் பாதியைக் கடைக்காரர் வாங்க மறுத்துவிட்டார்.

முதலாளி எப்போதாவது வருவார். கூடம் கோமதிநாயகம் அண்ணாச்சியின் கையில் இருந்தது. அவர்தான் மேனேஜர். நெற்றியில் திருநீறு, வாயில் வெற்றிலை, இடுப்பில் வெள்ளை வேட்டி. மையும் மண்ணெண்ணெயுமாகக் கிடக்கும் இடத்தில் நாள் முழுவதும் நடமாடிவிட்டு, காலையில் வந்த வெள்ளையோடு சாயங்காலம் வீட்டுக்குப் போவார். எப்படி என்று நானும் கவனித்துப் பார்த்திருக்கிறேன். பூனை நடப்பது மாதிரி ஒவ்வொரு அடியையும் இடம் பார்த்து வைப்பார். அவரிடம் இன்னொரு வழக்கம் உண்டு. கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். "ஏலே" என்று கூப்பிட்டால் நாடு நலமாக இருக்கிறது என்று அர்த்தம். "வாங்க சார், இங்கன உக்காருங்க" என்றால் கூடத்தில் எல்லாரும் அவரவர் மேசையைத் துடைக்கத் தொடங்கிவிடுவார்கள். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏலே டிப்ளமா"தான்.

அந்த வேட்டிதான் எங்கள் பரிசோதனைச் சாலை. முறையைச் சொல்கிறேன். கட்டு ஒன்று தயாரானதும் மேலிருந்து ஒரு பை, நடுவிலிருந்து ஒரு பை, அடியிலிருந்து ஒரு பை எடுத்து, அச்சுப் பக்கம் மேலே தெரிய முக்காலியில் விரிக்க வேண்டும். அண்ணாச்சி வேட்டியை நீவிவிட்டுக்கொண்டு அதன் மேல் உட்காருவார். ஒரு வெற்றிலையைக் காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்து வாயில் போட்டு, அது முழுக்கச் சாறாகும் வரை உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் யாரும் அவரை எழுப்பக் கூடாது. ஒரு தடவை முதலாளியே வந்து நின்றபோதுகூட, "செத்த பொறுங்க, உக்காந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டார். துப்பிவிட்டு எழுந்து, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, "பாருலே" என்பார். உட்கார்ந்தவர் தானே பார்க்கக் கூடாது, இன்னொருவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். மாசானம் என்று ஒருவர், எங்களில் மூத்த அச்சுக்காரர், குனிந்து பார்த்துவிட்டு, "வெள்ளை" என்பார். அந்த ஒரு சொல் விழுந்தால்தான் கட்டு வண்டியில் ஏறும். கறை இருந்தால் அண்ணாச்சி ஆணியில் தொங்கும் மாற்று வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து, "மறுபடியும் காயப் போடுங்கலே" என்பார்.

டவுணில் ரத வீதிக் கடைக்காரர்களுக்கெல்லாம் இது தெரியும். போன் செய்தால் பை ரெடியா என்று கேட்கமாட்டார்கள். "அண்ணாச்சி உக்காந்துட்டாவளா?" என்றுதான் கேட்பார்கள்.

இந்த இடத்தில்தான் நான் விளக்கைக் கொண்டுவந்தேன். முதலாளிக்குப் புதுமையும் பிடிக்கும், பழைய சாமானும் பிடிக்கும். சிவகாசியில் கழித்துப்போட்ட ஒரு புற ஊதா எந்திரம் இருக்கிறது என்று நான் சொன்னதும், புதுமையே பழைய சாமானாகக் கிடைக்கிறதே என்று அவர் மயங்கிவிட்டார். லாரியில் வந்து இறங்கியது. ஒரு பெல்ட், மேலே ஒரு தகரக் கூடு, கூட்டுக்குள் முழங்கை நீளத்தில் ஒரு குவார்ட்ஸ் குழாய். அதற்குள் பாதரசம். எரிய வைத்தால் முதலில் முனகும், பிறகு சிவக்கும், ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் நீலம் பாய்ந்து முழு வெளிச்சத்துக்கு வரும். இடி இறங்கிய பிறகு வருமே, அந்த வாடை கூடம் முழுக்க வரும். சூடு தாங்காது, தலைமேல் விசிறி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்டு போய் அணைந்துவிட்டால் உடனே எரியாது. உடம்பு சூடு ஆறும் வரை என்ன செய்தாலும் ஏறெடுத்துப் பார்க்காது.

"பையப் பைய வருவாரு. காத்தாடி போடணும். ஏதாச்சும் ஒரு கொறைன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடுவாரு" என்றார் மாசானம். "வே, இது நம்ம வீட்டுக்கு வந்த மாப்ள."

அன்றிலிருந்து அதற்குப் பெயர் மாப்ள.

அண்ணாச்சி கறுப்புக் கண்ணாடி போட மறுத்தார், ஆனால் விளக்கைப் பார்க்காமல் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றே கேள்வி கேட்டார்.

"இந்த மை எப்பலே காயும்?"

"காயாது அண்ணாச்சி."

"காயாத மைய வச்சு என்னலே செய்யுத?"

"இறுகும். வெளிச்சம் படாட்டா நாலு நாளானாலும் சட்டத்துல அப்படியே கெடக்கும். பட்டுதுன்னா அங்கனயே கல்லு மாதிரி ஆயிரும்."

மறுநாளே அது நடந்தது. நான் சட்டத்தில் மையை ஊற்றி ஜன்னலோரம் வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தேன். தச்சநல்லூர் வெயில் விளக்கின் வேலையைத் தானே செய்துவிட்டது. திரும்பி வந்தால் வலைத்துணியோடு மை ஓடாக ஒட்டிக்கிடந்தது. சட்டம் போயிற்று. நான் தலையில் கைவைத்து உட்காரவில்லை, எனக்கு உற்சாகம்தான் வந்தது. ஒளி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி எது? மஞ்சள் நிறம் அந்த ஒளியைத் தடுக்கும் என்று படித்திருந்தேன். கூடத்தில் மஞ்சள் துணிக்கா பஞ்சம். எல்லா ஜன்னலுக்கும் பைத்துணியை இரட்டையாக மடித்துத் தைத்துத் தொங்கவிட்டேன். மையும் பிழைத்தது. ஆனால் உள்ளே எல்லாருக்கும் மஞ்சள் காமாலை வந்தது போலிருந்தது. அண்ணாச்சியின் வேட்டி மஞ்சளாகத் தெரிய, மாசானம் வெள்ளையா இல்லையா என்று சொல்ல அவரை வாசலுக்குக் கூட்டிப்போக வேண்டியதாயிற்று. தச்சநல்லூர் தெருவில் போகிறவர்கள் எல்லாம், ஒரு பெரிய மனிதர் முதுகைக் காட்டி நிற்க இன்னொருவர் குனிந்து பார்ப்பதைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

என்னிடம் ஒரு பரிசோதனை இருந்தது. கட்டைவிரலை மையின் மேல் அழுத்தி ஒரு திருகு திருக வேண்டும். மையின் தோல் கிழியாவிட்டால், விரலில் ஒட்டாவிட்டால் இறுகிவிட்டது. சிவகாசியில் கற்றது. அண்ணாச்சியிடம் செய்து காட்டினேன்.

"ஒங் கட்டைவெரலு எவ்வளவு கனம் இருக்கும்?" என்று கேட்டார்.

"அது வந்து அண்ணாச்சி..."

"நான் எவ்வளவு கனம் இருப்பேன்?"

பதிலுக்குக் காத்திராமல் முக்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். சிவப்பு, பச்சை, நீலம் எல்லாவற்றுக்கும் வெள்ளை விழுந்தது. அந்த வருஷம் ஐப்பசியிலும் எங்கள் கயிறு காலியாகவே கிடந்தது. அண்ணாச்சி விளக்கைப் பாராட்டவில்லை. ஆனால் போகும்போது வரும்போது "மாப்ள சாப்பிட்டாரா?" என்று கேட்கத் தொடங்கினார். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அவருடைய ஒரே மகள் காந்திமதிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு பாபநாசத்துக்குப் பக்கம். கல்யாணமும் அங்கேதான், கார்த்திகையில். மழைக்காலம். பழைய முறையில் தாம்பூலப் பை அடித்தால் கல்யாணத்துக்கு முன்னால் காயாது. இந்த அண்ணாச்சி மகள் கல்யாணத்துக்கு வேறெங்கோ பை அடித்தால் ரத வீதியில் தலைகாட்ட முடியாது. ஆக, மாப்ளதான் கதி.

மஞ்சள் பையில் அரக்கு நிறத்தில் பெண்ணின் பெயரும் மாப்பிள்ளை சுப்பிரமணியனின் பெயரும் பக்கத்துப் பக்கத்தில் வர வேண்டும். சம்பந்தி அம்மாள் தன் கல்யாணப் பட்டிலிருந்து ஒரு துணுக்கு வெட்டி, இதே அரக்கு என்று கொடுத்துவிட்டிருந்தார். நான் சிவப்பில் கறுப்பைக் கலந்து கலந்து அந்த நிறத்தைப் பிடித்தேன். முதல் கட்டு அடித்தோம். கட்டைவிரல் திருகலில் தேறியது. அண்ணாச்சி உட்கார்ந்தார். வெள்ளை.

சம்பந்தி அம்மாள் பை பார்க்க பஸ்ஸில் வந்து இறங்கினார். பெரிய உருவம் இல்லை. ஆனாலும் உள்ளே வந்ததும் கூடம் சின்னதாகிவிட்டது. வரும் வழியில் டவுணில் இறங்கி, சுடச்சுட அல்வாப் பொட்டலம் ஒன்று வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

"தேங்காயும் அல்வாவும் சேந்து பைக்குள்ள போகுதான்னு ஒருக்கா பாத்துருவோம், அண்ணாச்சி."

பையில் ஒரு பக்கம் தேங்காயை இறக்கினார், மறுபக்கம் அல்வா, மேலே வெற்றிலை. சரியாக இருந்தது. பையை அண்ணாச்சி கையில் கொடுத்துவிட்டு, சாம்பாரா புளிக்குழம்பா, அவியலுக்கு யார் என்று பேசத் தொடங்கினார். சம்பந்தி தந்த பையைக் கீழே வைக்கலாமா? அண்ணாச்சி முக்காலியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் "ஆட்டும் தங்கச்சி" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். அவியல் முடிந்து பாயசத்துக்கு வர நெடுநேரம் ஆயிற்று.

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவர் எழுந்ததும் அண்ணாச்சியும் எழுந்தார். பை மடியை விட்டு நகர்ந்தது. வெள்ளை வேட்டியின் நடுவில் நெய்க்கறை, கறைக்குள் அரக்கு நிறத்தில், கண்ணாடியில் தெரிவது போலத் தலைகீழ் வரிசையில், காந்திமதி.

மாப்பிள்ளை பெயர் விழவில்லை. அந்தப் பக்கம் தேங்காய்.

சம்பந்தி அம்மாள் வேட்டியைப் பார்த்தார், பையைப் பார்த்தார்.

"எம் மகன் பேரு ஒழுங்கா பையோட இருக்கு. ஒங்க பொண்ணு பேருதான் ஒங்க மடிய விட்டு எறங்க மாட்டேங்கு, அண்ணாச்சி" என்றார்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். அண்ணாச்சியும் சிரிக்க முயன்றார். வாசல்வரை போன அந்த அம்மாள் திரும்பி, இந்த முறை சிரிக்காமல், "கல்யாணத்துக்கு வாறவ எல்லாரும் பட்டு கட்டிட்டு வருவா. பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணாச்சி மாற்று வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். "சார், இங்கன வாங்க" என்றார். மாசானம் மேசையைத் துடைக்கத் தொடங்கினார்.

"ஊரெல்லாம் நான் உக்காந்தாச்சான்னு கேட்டுப் பை வாங்குது. எம் மக கல்யாணத்துல நாலு பொம்பளையோட பட்டுல பேரு ஒட்டிச்சுன்னா, அவ அந்த வீட்டுல காலத்துக்கும் அதைக் கேக்கணும். செய்து பாருங்க. மறுபடி மடியில பேரு விழுந்துதுன்னா மாப்ளய சிவகாசிக்கே அனுப்பிருவோம். நீங்களும் தொணைக்குப் போயிட்டு வாங்க."

குரல் உயரவே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்தப் பையை வீட்டுக்கு எடுத்துப்போய் ஊசியால் எழுத்தைக் கீறிப் பார்த்தேன். விஷயம் புரிந்துவிட்டது. பாலைக் காய்ச்சினால் மேலே ஆடை படிகிறதல்லவா, அதே கதை. மேலே இறுகிய ஒரு தோல், உள்ளே இறுகாத மை. சிவப்பும் பச்சையும் ஒளியை உள்ளே விடும். கறுப்பு விடாது, வழியிலேயே தின்றுவிடும். நான் பிடித்த அரக்கில் கறுப்பு ஏராளம். பற்றாததற்குப் பருத்தி நூல் மையை உள்ளே உறிஞ்சியிருக்கிறது, அங்கே ஒளி போகவே போகாது. கட்டைவிரலுக்கும் அண்ணாச்சிக்கும் அகப்பட்டது மேல்தோல் மட்டும். சூடான நெய் அடியிலிருந்து ஊறி வந்து உள்ளே கிடந்த மையைக் கரைத்து வெளியே கூட்டிவந்துவிட்டது. கறை மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை, இறுகாத அந்த மை தோலில் பட்டால் அரிக்கும். கல்யாண வீடு முழுக்கக் கையைச் சொறிந்துகொண்டு நிற்பதை நினைத்துப் பார்த்தேன்.

சிவப்பாகவே அடித்துவிடலாமே என்று கேட்டேன்.

"பட்டு அரக்கு, பை செவப்பு. அதுதான் ரெண்டு வீட்டுக்கும் மொதச் சண்டை. அத நானே அச்சடிச்சுக் குடுக்கணுமா, சார்?"

சரி, அல்வாவை பிளாஸ்டிக் தாளில் சுற்றினால்?

"நெய் வேர்க்காத அல்வாவ யாரு சார் திம்பா?"

ஆக, பரிசோதனை மாறியது. இனிமேல் உட்கார்ந்து பார்ப்பது போதாது. பைக்குள் சூடான அல்வா, பெயர் கீழே இருக்கும்படி மடியில் பை, ஒரு வெற்றிலை நேரம். இதற்காகத் தினமும் டவுணுக்கு ஒருவர் பஸ் ஏறினார். சோதனைக்குக் கால் கிலோ, சாட்சிகளுக்குக் கால் கிலோ. சோதனை அல்வாவை யாரும் தொடக் கூடாது என்பது என் கண்டிப்பான உத்தரவு. சாட்சி அல்வாவுக்கு உத்தரவு தேவைப்படவில்லை. அந்த நாட்களில் வேலைக்கு வராதவர் ஒருவரும் இல்லை.

முதலில் பெல்ட்டை மெதுவாக ஓடவிட்டேன். அதிக நேரம் ஒளி பட்டால் உள்ளே போய்த்தானே ஆக வேண்டும். மேல்தோல் இன்னும் தடித்தது, உள்ளே அப்படியே இருந்தது, துணி மட்டும் பொரிந்து பழுப்பாகியது. அண்ணாச்சி மடியில் மறுபடியும் மகள் பெயர். "அப்பளம் நல்லாருக்கு, சார்" என்றார்.

அடுத்து நெருக்கமான வலைத்துணி கட்டி மையை மெலிதாக இறக்கினேன். மெலிதாக இருந்தால் ஒளி அடிவரை போகும். போயிற்று. மடியில் பெயர் இல்லை. ஆனால் பையிலும் ஏறக்குறைய இல்லை. பத்து வருஷம் துவைத்த பை மாதிரி இருந்தது. சம்பந்தி வீட்டுத் துணுக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அண்ணாச்சி பையை ஓரமாகத் தள்ளினார். ஆணியில் தொங்கிய மாற்று வேட்டிகளின் எண்ணிக்கையும் குறைந்துகொண்டே வந்தது.

"வீட்ல கேக்கா, சார். மக பேர வேட்டிக்கு எழுதி வைக்கப் போறியளான்னு."

அன்றிரவு மூளை வேலை செய்தது. கனமாக ஒன்று வேண்டாம், மெலிதாக இரண்டு. ஒரு பூச்சு அடித்து ஒளியில் விட்டு இறுக்கி, அதன் மேலேயே இன்னொரு பூச்சு அடித்து மறுபடி ஒளியில் விட வேண்டும். ஒவ்வொன்றும் மெலிது, ஒளி அடிவரை போகும். இரண்டும் சேர்ந்தால் நிறம் வரும். முதலில் இறுகிய பூச்சு, இரண்டாவதை நூலுக்குள் இறங்கவும் விடாது. விடியும் முன்பே தச்சநல்லூரில் போய் நின்றேன், கூடம் பூட்டியிருந்தது.

இதில் ஒரு சிக்கல். இரண்டாவது தடவை அடிக்கும்போது பை ஒரு நூல் விலகினாலும் எழுத்துக்கு நிழல் விழும். முதல் பையில் காந்திமதிக்குப் பக்கத்தில் இன்னொரு காந்திமதி எட்டிப் பார்த்தாள்.

"ரெட்டைப் பிள்ளைன்னு சம்பந்திக்கிட்ட சொல்லலியே" என்றார் மாசானம்.

பையின் இரண்டு மூலைகளும் போய் முட்டி நிற்கும்படி மேசையில் கட்டை அடித்தோம். பிறகு எழுத்தின் மேல் எழுத்து சரியாக உட்கார்ந்தது. முதல் பூச்சு ஆயிற்று. இரண்டாவது பூச்சு அடித்துப் பெல்ட்டில் வைக்கும்போது கரண்டு போனது. திரும்பி வந்தது. மாப்ள எரியவில்லை, சூடு ஆற வேண்டும். வெளியே மழை. மஞ்சள் திரைக்குள் நாங்கள் எல்லாரும் ஈர மையைத் தூசி படாமல் காவல் காத்துக்கொண்டு நின்றோம். பொட்டலத்து அல்வாவும் ஆறிக்கொண்டிருந்தது. ஆறின அல்வாவில் சோதனை செல்லாது என்று அண்ணாச்சி அதைக் கரி அடுப்பின் பக்கத்தில் வைத்துச் சூடு காப்பாற்றினார். அந்த அடுப்புக்கு அந்த வருஷம் கிடைத்த ஒரே வேலை அதுதான்.

விளக்கு முனகியது, சிவந்தது, நீலமானது. பை உள்ளே போய் வெளியே வந்தது. அரக்கு, அதே பட்டு அரக்கு. அல்வாவை உள்ளே வைத்து மடியில் வாங்கிக்கொண்டார். வெற்றிலையை மடித்தார். அவர் அவ்வளவு மெதுவாக மென்று நான் பார்த்ததில்லை. எழுந்தார். வாசலுக்குப் போனோம். மாசானம் குனிந்தார்.

இங்கே ஒரு சட்டச் சிக்கல் வந்தது. வேட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு நெய். வெள்ளை என்று எப்படிச் சொல்வது? மாசானம் பொய் சொல்லாத மனுஷன். இப்படிச் சாய்ந்து பார்த்தார், அப்படிச் சாய்ந்து பார்த்தார்.

"நெய்யி இருக்கு, அண்ணாச்சி" என்றார். "பேரு இல்ல."

அண்ணாச்சி மூச்சை விட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏலே டிப்ளமா, என்னலே மரம் மாதிரி நிக்க? மிச்சத்த அடி."

அந்த 'லே' காதில் விழுந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைப்பதற்குக் கறுப்புக் கண்ணாடி இருந்தது.

பாபநாசத்தில் கல்யாணத்தன்று மலையே தெரியாத மழை. பந்தியை விட்டு வெளியே வந்தவர்களில் பாதிப் பேர் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள். மீதிப் பேர் மண்டபத்து ஓரத்தில் மடியில் பையோடு உட்கார்ந்து மழை விடக் காத்திருந்தார்கள். நெய் வேர்த்துக்கொண்டிருக்கும் பைகள். நான் சாப்பிடவில்லை. ஒவ்வொரு பட்டுச் சேலையாக, பை படும் இடமாகப் பார்த்துக்கொண்டே போனேன். நீலப் பட்டு, நெய் மட்டும். மாம்பழப் பட்டு, நெய்யும் இல்லை. ஒரு பெரியவர் என் தோளைத் தட்டினார்.

"தம்பி யாரு வீட்டுப் பிள்ளை?"

"பொண்ணு வீட்டு ஆளு, ஐயா."

"அப்பம் பொண்ணு வீட்டுப் பக்கமா போயி நில்லும். இங்கன பொம்பளையளையே பாத்துக்கிட்டு நிக்கீரு."

மை இறுகியிருக்கிறதா என்று பார்க்கிறேன் என்று சொன்னால் அடி விழுந்திருக்கும். ஒதுங்கிக்கொண்டேன். சம்பந்தி அம்மாள் அரக்குப் பட்டில், கையில் பையோடு எதிரே வந்தார். நின்று, தன் சேலையின் மடிப்பை விரித்து என்னிடம் காட்டினார். சுத்தம். சிரித்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். கார் கிளம்பும்போது அண்ணாச்சி மழையில் நிற்காமல், வேட்டி நனையாமல், வாசல்படிக்கு உள்ளேயே நின்று கையை ஆட்டினார். கார் திரும்பி மறைந்தது. சமையல்காரர்கள் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அவர்களுக்குக் கணக்குத் தீர்ப்பதற்காக நான் அண்ணாச்சியைக் கூப்பிடப் போனேன்.

காலியான மண்டபத்தில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் மிஞ்சிய ஒரு பை. அச்சுப் பக்கம் கீழே, மகள் பெயர் மடியில் படும்படி. எவ்வளவு நேரமாக அப்படி இருந்தாரோ, வாயில் வெற்றிலைச் சாறு தீர்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார். பையைக் கையில் எடுத்துக்கொண்டு, வேட்டியின் முன்பக்கத்தை என் பக்கம் இழுத்துப் பிடித்தார். உட்கார்ந்தவர் பார்க்கக் கூடாதல்லவா, அவர் வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாருலே."

குனிந்து பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்கு நெய். எவ்வளவு பாடுபட்டு வந்து சேர்ந்த சுத்தம். சந்தோஷமாகச் சொன்னேன்:

"பேரு இல்ல, அண்ணாச்சி."

அவர் வேட்டியை விடவில்லை. மழையிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

"நல்லாப் பாருலே" என்றார்.